கச்சான் காலத்து மரங்கள்

ஆவணி பிறந்த பிறகு அக்கரைப்பற்றிலிருந்து ஆலையடிவேம்பு ஊடாகச் சாகாமத்துக்குப் போகும் வீதியில் மரங்களைப் பார்த்துக்கொண்டு போனால் எனக்குள் ஒரு சஞ்சலம் தொடங்கிவிடுகிறது. வீதியோரத்தில் ஓர் ஆலமரம் இலை முழுவதையும் கொட்டிவிட்டு நிற்கும். கூப்பிடு தூரத்தில் இன்னோர் ஆல், வயதும் பருமனும் ஏறக்குறைய அதேதான், நிலத்தில் வெயில் விழவிடாமல் பச்சையாக மூடிக் கிடக்கும். இரண்டும் குடிப்பது ஒரே நிலத்துத் தண்ணீர். இரண்டின் மேலும் வீசுவது ஒரே காற்று. வட்டை வரம்பில் நிற்கும் முதிரை பாதி உதிர்த்திருக்கும். அதற்குப் பக்கத்து வீரை ஓர் இலையைக்கூட விட்டுக்கொடுத்ததாகத் தெரியாது. சிறுபோக வெட்டு முடிந்து வைக்கோல் கிடக்கும் வயல், தூசு, வெளிறிய வானம் எல்லாம் சேர்ந்து கோடையின் கடைசி என்று சொல்கின்றன. மரங்கள் மட்டும் ஒரே வாயால் எதையும் சொல்வதில்லை. இந்த ஒத்துப்போகாமைதான் என்னை அரிக்கிறது. ஒரு பருவத்தைக் கையில் கொண்டுபோய் மரங்களுக்கு முன்னால் வைத்துவிட்டு, அதற்குள் அவை அடங்கவில்லையே என்று தடுமாறுகிறேனோ என்ற ஐயம் வருகிறது. அது வந்த பிறகு எந்த மரத்தையும் முன்போல் வெறுமனே பார்த்துவிட்டுப் போக முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த நாட்களுக்குக் கச்சான் காலம் என்று பெயர். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் ஏறி, தன் மழையை அந்தப் பக்கச் சரிவிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, காய்ந்து வருகிறது. கினிகத்தேனையில் குடை பிடிக்க வைக்கிற அதே காற்று அக்கரைப்பற்றில் உதட்டை வெடிக்க வைக்கிறது. பகல் முழுதும் கண் எரியும். யன்னல் கதவு அடிபட்டுக்கொண்டே இருக்கும். பூவரசின் மஞ்சள் இலை தகரத்தில் விழுந்து உரசி ஓரத்துக்குப் போய் நிற்கும் சத்தத்தைப் படுத்திருந்தே கேட்கலாம். முதிரையின் இலை அப்படி விழாது. சிற்றிலைகளாகப் பிரிந்து, யாரோ மேலிருந்து தூவுவதுபோல் இறங்கும். முற்றம் கூட்டும் பெண்களிடம் கேட்டால் கச்சான் அடிக்கிது, அதுதான் கொட்டுது என்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் காற்று பறிக்கும் இலை குறைவு. இலைக்காம்பு கொப்போடு சேரும் இடத்தில் மரமே ஒரு மெல்லிய அடுக்கை வளர்த்து, இணைப்பைத் தளர்த்தி, வடுவையும் மூடிக்கொள்கிறது. காற்று வருவதற்கு முன்பே அந்த வேலை முடிந்திருக்கும். இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பச்சைக் கொப்பு ஒன்றை முறித்துப் போட்டுவிட்டால் அதன் இலைகள் கருகிச் சுருளும், விழமாட்டா. வாரக்கணக்கில் காய்ந்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கும். இலையை உதிர்ப்பதற்கு உயிர் வேண்டும். செத்த கொப்பால் அது முடியாது. இதை அறிந்த நாளிலிருந்து மொட்டை மரத்தின் முன்னால் என் இரக்கம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் போயிற்று.

பாடசாலையில் எங்களுக்கு நான்கு பருவங்களைப் படமாகக் காட்டினார்கள். அதில் மூன்றாவது படத்தில் ஒரு மரம் செம்மஞ்சளாக நின்றது. வகுப்புக்கு வெளியே முற்றத்தில் நின்ற வாதுமை ஆண்டில் இரண்டு தடவை அப்படிச் சிவந்து கொட்டியது. அது எந்தப் படத்தைச் சேர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. தமிழுக்குச் சொந்தமான ஆறு பருவங்களைப் பின்னால் படித்தேன். கார், கூதிர் என்று தொடங்கும் அந்த வரிசையில் இலை உதிர்வதற்கென்று ஒரு பருவமே இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் ஆவணியும் புரட்டாதியும் கார்காலம். எங்களுக்கு அந்த இரண்டும் கிணறு அடிகாணும் மாதங்கள். மழை ஐப்பசியில் முகம் காட்டி, கார்த்திகையிலும் மார்கழியிலும்தான் இறங்கும். மேற்கே மலைகளைத் தாண்டினால் ஒரு பருவம், இங்கே ஒரு பருவம் என்றிருக்கும் தீவில், வேறு நிலத்தில் வைத்த பெயரை அப்படியே தூக்கி வந்து நட முடியாது. ஊர் வாயில் இருப்பவை இரண்டே: மாரி, கோடை. முஸ்லிம் வீடுகளில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. நோன்பும் பெருநாளும் பிறைக்கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, 33 ஆண்டுகளில் எல்லாக் காலங்களையும் சுற்றிவரும். விதைப்பும் வெட்டும் மட்டும் சித்திரை, ஆவணி என்று தமிழ் மாதத்திலேயே நடக்கும். அயலில் உள்ள தமிழ்ப் போடியாருக்கும் எங்கள் வாப்பாவுக்கும் வயலில் ஒரே நாட்காட்டிதான். என் மூத்தம்மா தன் சின்ன வயது நோன்புகளைப் பழத்தால் அடையாளம் வைத்திருந்தார். பாலைப்பழக் காலத்து நோன்பில்தான் மூத்த பிள்ளை பிறந்தது என்பார். பிறை நகர்ந்து போனாலும் மரம் அந்த இடத்திலேயே நிற்கும் என்ற நம்பிக்கை அவருடைய கணக்குக்கு அடியில் இருந்தது. நான் ஐயப்படுவது அந்த நம்பிக்கையைத்தான்.

ஆலமரங்களிடமே திரும்பிப் போகிறேன். ஆல், அரசு, அத்தி, இத்தி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் பூக்கள் காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன; ஒவ்வொரு வகைக்கும் அதற்கே உரிய மிகச் சிறிய குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்தக் குளவியின் வளர்ந்த வாழ்வு ஓரிரு நாள்தான். ஒரு பிரதேசத்து ஆலமரங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் காய்த்து ஓய்ந்துவிட்டால், அடுத்த வாரம் பிறக்கும் குளவி போவதற்கு இடமில்லை. குளவி அழிந்தால் ஆலும் விதையின்றிப் போகும். அதனால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று முறை தவறிக் காய்ப்பதுதான் இந்தக் குடும்பத்தின் பிழைப்பு. இலை கொட்டுவதிலும் அதே தன்னிச்சை. சாகாம வீதியில் நான் கண்டு தடுமாறிய அந்த இரண்டு மரங்களும் ஒத்துப்போயிருந்தால் அவை நின்றிருக்கவே மாட்டா. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமன் 1893 இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவரக் கையேட்டில் மரங்களின் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் பூக்கும் மாதங்களையும் குறித்திருக்கிறார். அவர் 1896 இல் இறந்த பிறகு ஜோசப் ஹூக்கர் அதை முடித்து வைத்தார். பெரிய உழைப்பு அது. காட்டு வழியில் யாரிடமோ கேட்டு எழுதிய தமிழ்ப் பெயர்களை அந்தப் பக்கங்களில் காணும்போது, சொன்னவர் யாராக இருந்திருப்பார் என்று நின்றுவிடுகிறேன். ஆனாலும் ஒரு சாதிக்கு ஒரு மாதம் என்று எழுதிய உடனே அந்த ஒற்றை மரம் மறைந்துபோகிறது. ஆலுக்கு எந்த மாதத்தை எழுதுவது? ஒவ்வோர் ஆலுக்கும் ஒரு பக்கம் வேண்டும்.

உதிர்ப்பதன் காரணம் இன்னும் சிக்கலானது. வறட்சி வந்தது, இலை விழுந்தது என்று சொல்லி முடித்துவிடலாம்போல் இருக்கும். அப்படியானால் இலவும் முள்முருக்கும் என்ன செய்கின்றன? மாரி பெய்து நிலம் இன்னும் ஈரமாக இருக்கிற தையிலும் மாசியிலும் அவை இலையைக் கொட்டிவிட்டு வெறுங்கொப்பில் சிவப்பாய்ப் பூக்கின்றன. வேம்பும் பங்குனிக்கு முன்னே பழைய இலையைக் கழித்துவிட்டுச் சித்திரைக்குப் பூவோடு நிற்கும். (வேம்பு இந்த மண்ணுக்கே உரியதா, அக்கரையிலிருந்து வந்து ஊன்றியதா என்பதில் தாவரவியலாளர்கள் ஒத்துப்போவதில்லை. நூற்றாண்டுகளாகக் கண்ணகி கோவில்களின் குளிர்த்திச் சடங்குக்கு இலை கொடுத்த மரத்தை வந்தேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.) ரோல்ஃப் போர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் கோஸ்டாரிகாவின் வறண்ட காடுகளில் நெடுங்காலம் மரங்களைத் தொடர்ந்து பார்த்து 1994 இல் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. மரத்தின் உடலுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. இலை இருக்கும்வரை தண்ணீர் அதன் வழியே ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். இலையைக் கழித்ததும் அந்தப் போக்கு அடைபடுகிறது. வேர் எடுக்கும் கொஞ்சமும் தண்டிலேயே தங்கி, உலர்ந்த மரம் உள்ளுக்குள் மெல்ல நிறைகிறது. நிறைந்த பிறகு மழை இல்லாமலேயே பூக்கவும் துளிர்க்கவும் அதனால் முடியும். இலவு, முருக்கு போன்ற மெதுமரங்கள் உடம்பையே தண்ணீர்த் தாழியாக வைத்திருக்கின்றன. எங்கள் காட்டின் வீரை, பாலை, கருங்காலி எல்லாம் கோடரியைத் திருப்பி அனுப்பும் வைரமரங்கள். அவற்றின் தண்டில் தண்ணீருக்கு இடம் குறைவு. அவை தடித்த சிறிய இலையையும் ஆழ வேரையும் நம்பி, கச்சான் முழுக்கப் பச்சையாகவே நின்று பிடிக்கின்றன. முதிரையோ வைரமாகவும் இருந்துகொண்டு இலையையும் கொட்டுகிறது. எங்கள் வீடுகளின் கதவுநிலையும் யன்னலும் ஆன அந்த மரத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்குப் பிடிபடுவதில்லை.

நிறத்திலும் இதே தடுமாற்றம். குளிர்நாட்டு மரங்களில் சிவப்பு, இலையின் கடைசி நாட்களின் நிறம். இங்கே நாவலின் தளிரைப் பாருங்கள். மாவின் தளிரை, வேம்பின் தளிரைப் பாருங்கள். செம்பு நிறத்தில், தொட்டால் நனைந்த துணிபோல் தொங்கிக்கொண்டு, பிறந்த சில நாட்களுக்குச் சிவப்பாக இருந்துவிட்டுத்தான் பச்சைக்கு மாறுகின்றன. இரண்டு சிவப்புக்கும் காரணமான பொருள் ஒன்றே, அந்தோசயனின். ஒரே சாயத்தை ஓரிடத்தில் மூப்புக்கும் ஓரிடத்தில் இளமைக்கும் மரங்கள் எடுத்துக்கொள்கின்றன. இதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தால் பனங்காட்டுப் பக்கம் தில்லையாற்றங்கரை ஒப்புக்கொள்ளாது. உவர்நீர் ஏறும் சேற்றில் வளரும் தில்லை, பால் பட்டால் கண்ணைக் கெடுக்கும் என்று பிள்ளைகளை விலக்கிவைக்கும் மரம், தன் முதிர்ந்த இலையைச் சிவக்க வைத்துத்தான் உதிர்க்கிறது. கரையோரத்தில் ஆற்றுவாழை அடைத்துக் கிடக்க, அதன் தடித்த பச்சையின் மேல் தில்லையின் சிவந்த இலைகள் ஒவ்வொன்றாய்க் கிடப்பதைப் பார்த்தேன். ஆற்றுவாழை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, 1909 இலேயே சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்குப் பரவிய பூண்டு. அதற்குக் கோடையும் இல்லை, மாரியும் இல்லை. தண்ணீர் இருக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதன் அந்த ஒரே பச்சையைப் பார்க்க எனக்கு அச்சமாக இருக்கிறது.

சாகாமத்துக்குக் கிட்ட ஒரு பெரியவர் இருந்தார், முன்பு வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானையாக இருந்தவர், வாப்பாவின் கூட்டாளி. வாய்க்கால் அணைக்கட்டில் நின்ற ஒரு முதிரையைக் காட்டி, புரட்டாதி முடிவதற்குள் அது துளிர்த்தால் மாரி பிந்தாது என்பார். அந்த ஆண்டு துளிர்த்திருந்தது. "மரம் அறிஞ்சிட்டு தம்பி, இனி விதைப்புக்கு ஆயத்தப்படுத்தலாம்" என்றார். நான் எதுவும் பேசவில்லை. மழைக்கு முன்னே துளிர்ப்பது பொய்யல்ல. தாய்லாந்துக் காடுகளை ஆராய்ந்து எலியட், பேக்கர், போர்ச்சர்ட் மூவரும் 2006 இல் எழுதிய கட்டுரை, வறட்சியின் நடுவிலேயே மரங்கள் புதிய இலை விடுவதைத்தான் பெரிய புதிராக எடுத்துப் பேசுகிறது. பகல் நீளத்தின் சிறு மாற்றம் அவற்றை எழுப்புகிறது என்பது அவர்கள் கருத்து. நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே. ஆனி மாத நெடும்பகலுக்கும் மார்கழிக் குறும்பகலுக்கும் இங்கே வித்தியாசம் 50 நிமிடம் அளவில்தான். நமக்குத் தெரியாத அந்த 50 நிமிடத்தை மரம் அறியக்கூடும். ஆனால் அந்த முதிரை நின்றது வாய்க்கால் ஓரத்தில். சிறுபோகத்துக்கு விட்ட குளத்து நீர் ஆவணிவரை அதன் வேரடியில் ஊறியிருக்கும். அது துளிர்த்தது வானத்துக்காகவா, வாய்க்காலுக்காகவா? பெரியவருக்கு இந்த அடையாளத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தகப்பன். 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி இந்த மாவட்டத்து வயல்களின் தண்ணீர்க் கணக்கே மாறுவதற்கு முன்னைய மனிதர் அவர். அவர் பார்த்த மரம் மானத்தை மட்டும் நம்பிய மரம். அடையாளம் மகனுக்கு வந்து சேர்ந்தது. அது ஊன்றி நின்ற நிலைமை வந்து சேரவில்லை. இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு மரியாதை மட்டும் காரணமில்லை. மரம் அவருக்கு எதையும் அறிவிக்கவில்லை என்பதைச் சொன்னால், அடுத்த ஆண்டு அவர் அந்த முதிரையைப் போய்ப் பார்ப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. தவறான காரணத்துக்காகவேனும் ஒரே மரத்தை ஆண்டுதோறும் போய்ப் பார்த்துவந்த மனிதர் அந்த வட்டையில் அவர் ஒருவர்தான்.

என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்த 2009 வரை காட்டுப் பக்கம் போவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவது. விறகுக்கும் தேனுக்கும் போய்த் திரும்பாதவர்களின் கதைகளோடு நாங்கள் வளர்ந்தோம். காடு என்பது சோதனைச் சாவடிக்கு அப்பால் தெரியும் கரும்பச்சைக் கோடு. ஆடி மாதம் கதிர்காமத்துக்கு நடந்துபோகும் அடியார்கள் உகந்தையிலிருந்து குமணைக் காட்டை ஊடறுத்துப் போகிறவர்கள். பாதை திறந்த ஆண்டுகளில் போய்வந்த அயல்வீட்டுத் தமிழ்ப் பெண்கள் வீரைப்பழத்தையும் பாலைப்பழத்தையும் பற்றிச் சொல்லும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டி வாய் திறக்க முடியாமல் போவதையும், கரடி முன்னே ஏறி உலுப்பிவிட்டுப் போன மரத்தடியில் பயந்து பயந்து பொறுக்கியதையும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். எங்களுக்குப் பழம் சந்தையில் கூறு கட்டி வந்தது, மரத்தைக் காணாமலே தின்றோம். முப்பது ஆண்டு என்பது ஒரு மரத்துக்குப் பெரிதல்ல. மரத்தின் நடத்தையைத் தகப்பன் பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்கும் வழக்கம் அற்றுப்போக அது போதுமாக இருந்தது.

கரையோரத்தில் சுதேச மரங்களைப் பார்க்க இப்போது மிஞ்சியிருக்கும் இடங்கள் சில. கோவில் வளவுகள், வட்டை வரம்புகள், களப்போரம், மையவாடிகள். 1978 நவம்பர் சூறாவளி கிழக்குக் கரையின் பெருமரங்களை வேரோடு சாய்த்தது. இன்றைக்கும் ஒரு மரத்தின் வயதைச் சொல்ல இங்கே சூறாவளிக்கு முந்தினது, பிந்தினது என்கிறார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறிவந்த பிறகு கரையில் சவுக்கு வரிசையாக நடப்பட்டது. அதன் ஊசிச்சருகு தடித்துப் படிந்த இடத்தில் அடம்பும் இராவணன் மீசையும் ஒதுங்கிப்போயின. கபுறுகளுக்கு இடையில் யாரும் நடாமல் முளைத்த விளாத்தி, காரை, நாவல், வீரை ஆகியவற்றை அடக்கவந்த கைகள் வெட்டாமல் விட்டதால்தான் அவை இன்னும் நிற்கின்றன. கோவில் வளவுக்கும் மையவாடிக்கும் இடையில் மதிலும் மார்க்கமும் இருக்கலாம். பறவை இரண்டிலும் எச்சமிட்டு ஒரே விதைகளைத்தான் கொண்டு சேர்த்திருக்கிறது. ஆவணியும் புரட்டாதியும் இந்த மரங்களுக்கு ஆபத்தான மாதங்கள். மொட்டையாக நிற்பதைப் பட்டமரம் என்று சொல்லி வெட்டிவிடுகிறார்கள். வறட்சியில் விறகு காய்ந்து கிடைக்கும், கொப்பு முறிந்து கபுறின் மேல் விழாமலும் இருக்கும் என்பது அவர்கள் நியாயம். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இலையில்லாத மரத்தைச் செத்ததென்று எண்ணப் பழகிய கண் அது, அவ்வளவுதான்.

அண்மையில் ஒரு மையவாடியில் பெரிய விளாத்தி ஒன்றை வெட்ட ஆள் வந்திருந்தபோது நானும் அங்கே நின்றேன். பட்டையை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை ஈரமாக இருந்தது. அந்த மனிதர் நம்பவில்லை. "பச்ச இரிந்தாப் போல துளுக்குமா காக்கா? இந்தா, இந்த ரெண்டு கொப்புலயாவது இலை நிக்கிது, மத்தது எல்லாம் முடிஞ்சி" என்றார். அவர் காட்டிய இரண்டு கொப்பிலும் இலை நின்றது உண்மைதான். கருகிச் சுருண்டு, காம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. கீறினால் உள்ளே பழுப்பு. பூச்சி துளைத்த பொடி உதிர்ந்தது. இலை இருக்கிற அந்த இரண்டையும் வெட்டுங்கள், மொட்டையாக நிற்பவற்றை விடுங்கள் என்றேன். தலைகீழாகச் சொல்கிறேன் என்று அவருக்குப் பட்டது. பள்ளிவாசல் ஆட்களிடம் போனோம்; கொஞ்சம் வாக்குவாதமும் வந்தது. செலவழித்து ஆளைக் கூப்பிட்ட பிறகு பாதி வேலையோடு அனுப்புவதா என்று ஒருவர் கேட்டார், அதுவும் நியாயமான கேள்விதான். முடிவில் இரண்டு கொப்பும் இறங்கின. மிச்ச மரத்துக்குக் கார்த்திகை கழியும்வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் துளிர்க்காவிட்டால் வெட்டுக்கூலியில் பாதி என்னுடையது என்று பேச்சு. விளாத்தி எப்போது துளிர்க்கும் என்று இப்போது இரண்டு மூன்று பேர் என்னைக் கேட்கிறார்கள். இந்த விளாத்தியைப் பற்றி எனக்குத் தெரியாது என்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கம், கோவில் வளவில் நிற்கும் விளாத்தி போன புரட்டாதிக் கடைசியில் துளிர்த்ததாக அங்கே பூக்கட்டும் அம்மா சொன்னார். அது வேறு மரம் என்பதையும் அவரே சொன்னார்.